சித்தப்பாவின் குளிர்காலம்

தீபாவளி முடிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. கடலுக்கு அக்கரையில் உள்ள பிறை ஊரில் தொழிற்சாலை வேலையை முடித்துவிட்டு, மழையில் ஊர்ந்த வாகனங்களோடு நானும் பாலத்தில் ஊர்ந்து, பினாங்குத் தீவில், ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது கார் நிறுத்தும் இடம் வெறிச்சென்று கிடந்தது. காலையில் நான் புறப்படும்போது சுவரோரமாக வரிசையாக நின்ற பூந்தொட்டிகளில் ஒன்றுகூட இல்லை. யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு தரையில் இருந்த சேற்றுக் கோடுகள் கண்ணில் பட்டன. தொட்டிகளை இழுத்த தடங்கள். அவை படியேறி, கதவைத் தாண்டி வீட்டுக்குள் போயிருந்தன.

உள்ளே கூடம் முழுக்கச் செடிகள். சோபாவுக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவே காகிதப்பூச் செடிகள் முட்களை நீட்டிக்கொண்டு நின்றன. சாமி படத்துக்குக் கீழே செம்பருத்தி. மாடிப்படிகளில் அரளிகள். மின்விசிறி முழு வேகத்தில் சுழல, சித்தப்பா நனைந்த சட்டையோடு நாற்காலியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். எழுபது வயதைத் தாண்டிய மனிதர், யாருடைய உதவியும் இல்லாமல் அத்தனையையும் இழுத்து வந்திருந்தார். விரல் முட்டிகளில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. என்னைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது.

"நல்ல வேளம்மா, நீ வந்துட்ட. கதவச் சாத்து. இன்னைக்கு ஃப்ராஸ்ட் விழும். ஒண்ணு விடாம எல்லாத்தையும் உள்ள கொண்டாந்துட்டேன்."

எனக்கோ மழையில் நனைந்தும் உடம்பெல்லாம் புழுக்கமாக இருந்தது. அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்துவிட்டு நான் கதவைச் சாத்தினேன். பினாங்கில் உறைபனி விழாது என்று அந்த முதல் நாளிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது என்று இப்போது தெரிகிறது.

சித்தப்பா என் அப்பாவின் தம்பி. பள்ளிப் படிப்பு முடிந்ததும் நர்ஸ் வேலைக்கான தாதிமைப் பயிற்சிக்கு விண்ணப்பித்து இங்கிலாந்துக்குப் போனவர். அந்தக் காலத்தில் இங்கிருந்து பலரும் அப்படிப் போனார்கள். சிலர் பயிற்சி முடிந்து திரும்பினார்கள், சித்தப்பா திரும்பவில்லை. வடக்கே ஒரு சின்ன ஊரில், நினைவு தப்பிய முதியவர்களைக் கவனித்துக்கொள்ளும் மருத்துவமனையில் அவருக்கு வேலை. சித்தி தைப்பிங்கில் பிறந்தவர், அதே மருத்துவமனைக்குத் தாதியாகப் போய்ச் சேர்ந்தவர். அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே வீடு வாங்கிக்கொண்டார்கள். பிள்ளைகள் இல்லை. அப்பா உயிரோடு இருந்தவரை தீபாவளிக்குத் தவறாமல் தொலைபேசி வரும். சித்தப்பா இரண்டு நிமிடம் நலம் விசாரிப்பார். சித்திதான் நிறையப் பேசுவார். பேச்சில் பாதி செடிகளைப் பற்றியதாக இருக்கும். இந்த வருடம் செம்பருத்தி எத்தனை பூ பூத்தது, அரளியில் என்ன பூச்சி விழுந்தது என்றெல்லாம் சொல்வார். இங்கே வேலியோரத்தில் யாரும் தண்ணீர்கூட ஊற்றாமல் பூத்துக் கிடக்கிற செம்பருத்திக்கு அங்கே எதற்கு இவ்வளவு பாடு என்று அப்பா போனை வைத்துவிட்டுச் சிரிப்பார்.

அந்தப் பாடு என்னவென்று நானே ஒருமுறை போய்ப் பார்த்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தொழிற்சாலை என்னை ஒரு பயிற்சிக்காக இங்கிலாந்துக்கு அனுப்பியது. அது முடிந்ததும் விடுப்பு எடுத்துக்கொண்டு சித்தப்பா வீட்டில் போய்த் தங்கினேன். அக்டோபர் மாதம். வீட்டுக்குப் பின்னால் கைக்குட்டை அளவுக்கு ஒரு தோட்டம், தோட்டத்தை ஒட்டிச் சுவரெல்லாம் கண்ணாடியாக ஒரு சின்ன அறை. கோடை முழுவதும் வெளியே நிற்கிற தொட்டிகளை முதல் உறைபனிக்கு முன்னால் அந்த அறைக்குள் ஏற்றிவிட வேண்டும். நான் போன நேரம் அந்த வேலை நடந்துகொண்டிருந்தது. சித்தப்பா வானொலியில் வானிலைச் செய்தியைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். பிறகு தோட்டத்தில் இறங்கி ஒவ்வொரு செடியையும் மூன்றில் ஒரு பங்கு வெட்டுவார். இலைகளைத் திருப்பித் திருப்பி, அடியில் வெள்ளைப் பூச்சி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் சித்தி துடைப்பார். ஒரு கிழவரைக் குளிப்பாட்டிப் படுக்கையில் கிடத்துகிற மாதிரி இருவருமாக ஒவ்வொரு தொட்டியையும் தூக்கிக் கொண்டுபோய் உள்ளே வைத்தார்கள். யார் எந்தப் பக்கம் பிடிப்பது, எப்போது குனிவது என்று ஒரு பேச்சும் இல்லை. அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ தம்பதிகளைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒன்றுபோல வேலை செய்த இரண்டு பேரை நான் பார்த்ததில்லை.

உள்ளே வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்து, அன்று மாலை நான் ஒரு குவளைத் தண்ணீரை எடுத்துச் செம்பருத்திக்கு ஊற்றப் போனேன். சித்தி பாய்ந்து வந்து தடுத்தார். "வேணாம்டி! குளுருல அதுங்க தூங்கணும். தூங்குற பிள்ளைக்குச் சோறு ஊட்டுவியா? வேரு காஞ்சு போகாம இருக்க ஒரு வாய் குடுத்தா போதும்." அந்தக் குளிர்காலத்தில் இலையெல்லாம் கொட்டிக் குச்சியாக நிற்கும், செத்துப்போன மாதிரிதான் தெரியும், ஆனால் நகத்தால் லேசாகப் பட்டையைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே பச்சை இருக்கும் என்றார். மறுநாள் காலையில் நான் எழுந்து பார்த்தபோது தோட்டத்துப் புல் முழுவதும் வெள்ளையாக இருந்தது. என் வாழ்க்கையில் நான் பார்த்த முதல் உறைபனி. கண்ணாடி அறைக்குள் செம்பருத்தியில் மிச்சமிருந்த ஒரே பூவைப் பறித்துச் சித்தி முருகன் படத்துக்கு வைத்தார். சித்தப்பா வேலைக்குப் புறப்படும் முன் அதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார். அவர் சாமி கும்பிட்டு நான் பார்த்ததில்லை. பூவைத்தான் பார்த்தார்.

பல வருடங்களுக்குப் பிறகு சித்தி இறந்த செய்தி வந்தது. நான் போக முடியவில்லை. சித்தப்பா வீட்டை விற்றுவிட்டு ஊர் திரும்பினார். அப்பாவும் அதற்குள் காலமாகிவிட்டார். அக்கரையில், புக்கிட் மெர்தாஜாமில் என் அண்ணன் வீட்டில் இடம் இருந்தது, ஆனால் சித்தப்பா பட்டணத்தில் வளர்ந்தவர். தீவில்தான் இருப்பேன் என்று எங்களிடம் வந்தார். வந்த சில மாதங்களிலேயே வாசலில் தொட்டிகள் சேர்ந்துவிட்டன. இந்த ஊரில் யாரும் காசு கொடுத்து வாங்காத செடிகளையெல்லாம் நர்சரியிலிருந்து வாங்கிவந்து தொட்டியில் வைத்தார். "தரையில வெச்சா என்ன சித்தப்பா?" என்று கேட்டேன். "எனக்குத் தொட்டிதான் பழக்கம்மா" என்றார். என் கணவருக்கும் அவரைப் பிடித்துப்போயிற்று. இருவரும் சாயங்காலத்தில் தேநீர் குடித்தபடி பந்தாட்டம் பார்ப்பார்கள். அவை நல்ல வருடங்கள்.

மாற்றம் சின்னச் சின்னதாகத் தெரியத் தொடங்கியது. சொன்னதையே சொன்னார். குளியலறைக்குப் போனவர் திரும்பி வரும் வழியைத் தேடினார். மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். மருத்துவர் இளம் மலாய்ப் பெண், மிகவும் பணிவாகப் பேசினார். ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்து, கடிகாரம் ஒன்று வரைந்து அதில் மணி காட்டச் சொன்னார். சித்தப்பா அந்தத் தாளைப் பார்த்துச் சிரித்தார். "டாக்டர், நான் எத்தன பேர இத வரைய வெச்சிருக்கேன் தெரியுமா?" என்று ஆங்கிலத்தில் சொன்னார். மருத்துவரும் சிரித்தார். சித்தப்பா வட்டத்தை அழகாகப் போட்டார். எண்களை எழுதத் தொடங்கினார். எல்லா எண்களும் ஒரே பக்கமாகக் குவிந்து நின்றன. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் பென்சிலை மெதுவாக மேசை மேல் வைத்தார். யாரும் அவருக்கு எதையும் விளக்கத் தேவையிருக்கவில்லை. காரில் திரும்பும் வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வீடு நெருங்கும்போது, "எப்படிப் போகும்னு எனக்குத் தெரியும்மா. உங்களுக்குத்தான் தெரியாது" என்றார்.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில்தான் தொட்டிகள் வீட்டுக்குள் வந்தன. முதல் நாள் நானும் என் கணவரும் அவர் தூங்கியதும் எல்லாவற்றையும் வெளியே கொண்டுபோய் வைத்தோம். மறுநாள் நான் வேலையிலிருந்து திரும்புவதற்குள் அவை திரும்பவும் உள்ளே இருந்தன, அவர் கையில் இன்னும் இரண்டு காயங்கள் கூடியிருந்தன. அவருடைய எலும்பு முறிவதைவிடச் செடிகள் உள்ளே இருப்பது மேல் என்று விட்டுவிட்டோம். ஆனால் தண்ணீர் விஷயத்தில் எல்லாம் தலைகீழாகப் போயிற்று. தூங்குகிற செடிக்கு ஒரு வாய் போதும் என்பது அவருக்கு மறக்கவில்லை. ஊற்றியதுதான் மறந்துபோயிற்று. ஊற்றுவார், போய் உட்காருவார், எழுந்து வந்து பார்த்து இன்றைக்கு இன்னும் ஊற்றவில்லையே என்று மறுபடியும் ஊற்றுவார். தொட்டிக்கு அடியில் இருந்த தட்டுகள் எல்லாம் நிரம்பி வழியும். காலையில் நானும் இரவில் என் கணவரும் கொட்டிக் கொட்டிக் கழுவினோம். படிக்கட்டுக்கு அடியில் ஒதுங்கியிருந்த தட்டு ஒன்று எங்கள் கண்ணில் படவில்லை.

என் கணவருக்குக் காய்ச்சல் கண்டபோது மழையில் நனைந்ததுதான் காரணம் என்று நினைத்தோம். கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்று அவர் சொன்னதும் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். டிங்கி, கொசுவால் வரும் டெங்குக் காய்ச்சல். மருத்துவமனையில் சேர்த்தார்கள். ரத்தத் தட்டணுக்கள் ஒவ்வொரு பரிசோதனையிலும் இறங்கிக்கொண்டே போயின. பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி பப்பாளி இலையை இடித்துச் சாறு எடுத்து புட்டியில் கொடுத்தனுப்பினார். ஆனால் எங்கள் வீட்டுக்குள் அவர் காலெடுத்து வைக்கவில்லை. அவர் பேரன் அவரோடுதான் வளர்கிறான், அவரைக் குறைசொல்ல முடியாது. கொசு மருந்து அடிக்க வந்தவர்கள் படிக்கட்டுக்கு அடியிலிருந்த தட்டைச் சாய்த்து, கைவிளக்கை அடித்துக் காட்டினார்கள். நூலிழை மாதிரி புழுக்கள் நெளிந்தன. என் கணவரைக் கடித்த கொசு அங்கேதான் பிறந்தது என்று யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் அதன் பிறகு அந்தச் செடிகளை யாராலும் பழையபடி பார்க்க முடியவில்லை.

அண்ணன் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து லாரியோடு வந்தான். சரக்கு ஏற்றி இறக்கும் தொழில் அவனுக்கு. சாயங்காலம் வரை காத்திருக்கச் சொன்னேன், அவன் கேட்கவில்லை. "ஒம் புருஷன் ஐசியூ வாசல் வரைக்கும் போயிட்டு வந்திருக்காரு. இன்னும் என்னா வெய்ட் பண்றது? செடிய இன்னைக்கு எடுக்கிறேன். சித்தப்பாவ நல்ல ஹோம் பார்த்துச் சேத்துடுவோம்லா. அவர் வேல பாத்த மாதிரி எடம்தான அது? அவருக்கு ஒண்ணும் புதுசு இல்ல." அவன் கெட்டவன் இல்லை. அவன் சொன்னதில் பொய்யும் இல்லை. சித்தப்பா நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு தொட்டியாக லாரிக்குப் போவதை அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. கடைசித் தொட்டி ஏறியதும் அண்ணனைப் பார்த்து, "வழியில குளுரும், தார்ப்பாய் போட்டு மூடிக்க தம்பி" என்று மட்டும் சொன்னார். அண்ணன் ஒரு கணம் நின்றான். பிறகு தார்ப்பாயை எடுத்து மூடினான்.

மறுநாள் மத்தியானம் சித்தப்பா காணாமல் போனார். என் கணவர் மருத்துவமனையிலிருந்து வந்து, மருந்து மயக்கத்தில் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார். நான் வேலையில் இருந்தேன். கண் விழித்தவர் கூடத்தில் ஆள் இல்லாததையும் கதவு திறந்து கிடப்பதையும் பார்த்து எனக்குப் போன் செய்தார். நான் பாலத்தில் வந்துகொண்டிருந்தபோது இன்னொரு அழைப்பு வந்தது, தெரியாத எண். சித்தப்பாவின் சட்டைப் பையில் என் பெயரும் எண்ணும் எழுதிய அட்டையை எப்போதும் வைத்திருப்பேன். அதைப் பார்த்து யாரோ அழைத்திருந்தார்கள். "தங்கச்சி, ஒங்க சித்தப்பா இங்க எங்க கடையில இருக்காங்க. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் பக்கத்துல. பதறாம வாங்க."

அது ஒரு நாசி கண்டார் கடை, தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடை. சித்தப்பா சிறுவயதில் ஓடி விளையாடிய தெருக்கள் அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் இருந்தன. எந்தப் பேருந்தில் ஏறினார், யார் இறக்கிவிட்டார்கள் என்று கடைசி வரை தெரியவில்லை. நான் உள்ளே நுழைந்தபோது மத்தியானக் கூட்டம் இன்னும் முழுதாகக் கலையவில்லை. சுவரோரம் ஒரு மேசையில் சித்தப்பா தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். அவர் காலடியில், சாப்பிடுகிறவர்கள் வளைந்து வளைந்து போகும்படி, நாலைந்து காகிதப்பூத் தொட்டிகள் நின்றன. கடை வாசல் நடைபாதையில் அலங்காரத்துக்கு வைத்திருந்தவை அவை. கல்லாவில் இருந்த கடைக்காரர் எழுந்து வந்தார். ஐம்பது வயதிருக்கும், வெள்ளைத் தொப்பி போட்டிருந்தார்.

"ஐயா வந்து தொட்டியத் தூக்க ஆரம்பிச்சுட்டாங்க. என்னா ஐயான்னு கேட்டா, ஃப்ராஸ்ட் வருது, வெளிய வெச்சா செத்துடும்ங்கிறாங்க. கை வேற நடுங்குது. சரி, நாங்களே எடுத்து வைக்கிறோம், நீங்க ஒக்காந்து டீ குடிங்கன்னு சொன்னேன். அவ்வளவுதான், வேற ஒண்ணும் இல்ல."

"மன்னிச்சுக்கங்க அண்ணே, வியாபார நேரத்துல..."

"அட, அதெல்லாம் பரவால்லலா. எங்க அத்தா கடைசியில பெத்த மகன் என்னையே யாருன்னு கேட்டாங்க." அவர் திரும்பிப் போய் அடுத்த ஆளுக்கு மீன் தலைக்குழம்பு ஊற்றச் சொல்லிவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்தார்.

சித்தப்பா என்னை அடையாளம் கண்டுகொண்டார். "இன்னும் ரெண்டு வெளிய நிக்குதும்மா" என்றார். நான் போய் அந்த இரண்டையும் தூக்கி வந்து உள்ளே வைத்தேன். பிறகுதான் எழுந்து என்னோடு வந்தார்.

காரில் ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. வண்டிகள் நகரவில்லை. துடைப்பான் ஓடும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. அப்போதுதான் சித்தப்பா பேசினார். பல மாதங்களாக அவர் அவ்வளவு கோர்வையாகப் பேசி நான் கேட்டதில்லை. சித்தி இறந்த வருடம், ஒரு சனிக்கிழமை இருவருமாகச் செடிகளை உள்ளே ஏற்றுவதாக இருந்தார்களாம். அதற்கு முன்னால் சித்தி சமையலறையில் விழுந்துவிட்டார். மூளையில் ரத்தக் கசிவு. இவர் மருத்துவமனையிலேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மாற்றுச் சட்டை எடுக்க வீட்டுக்கு வந்தபோது தோட்டம் முழுக்க வெள்ளையாக இருந்ததாம். "செம்பருத்தி எலையெல்லாம் அவிச்ச கீரை மாதிரி கருப்பாத் தொங்கிச்சும்மா. தண்டு வெடிச்சிருச்சு. தொட்டுப் பாத்தேன், கொழகொழன்னு இருந்துச்சு." திரும்பி மருத்துவமனைக்குப் போனபோது சித்திக்குப் பாதி நினைவு இருந்தது. வாய் கோணலாக, தொட்டியெல்லாம் உள்ளே வைத்தாயிற்றா என்று கேட்டாராம். "வெச்சுட்டேன்னு சொன்னேன். மொட்டு ஒண்ணு விட்டிருக்குன்னும் சொன்னேன். அவ சிரிச்சா. அதுக்கப்புறம் அவ கண்ண முழிக்கல."

அவர் என் பக்கம் திரும்பி, "அதனாலதாம்மா, இந்தத் தடவ முன்னாடியே எடுத்து வெச்சுட்டேன்" என்றார். அந்தக் கணம் வரை அவருடைய நோய் எனக்கு ஒரு அர்த்தமில்லாத தொல்லையாகத்தான் தெரிந்தது. நோய்க்குக் காரணம் தேடாதே, அது இல்லாவிட்டால் வேறொன்றைப் பிடித்துக்கொண்டிருப்பார் என்று என் கணவர் பிற்பாடு சொன்னார். அவர் சொன்னதும் சரியாக இருக்கலாம். ஆனால் மழையில் அந்தக் காருக்குள், தன் மனைவி சாவதற்கு முன்னால் இருந்த சனிக்கிழமையைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிற ஒரு மனிதர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் போனதும் அண்ணனுக்குப் போன் செய்து செடிகளைத் திருப்பிக் கொண்டுவரச் சொன்னேன்.

"ஒனக்கும் மண்ட கொழம்பிப் போச்சா?" என்று கத்தினான் அண்ணன். என் கணவர் கத்தவில்லை. அவர் ஒரு பையில் துணிகளை எடுத்து வைத்துக்கொண்டார். "ஒன் மேல கோவம் இல்ல. ஆனா அந்தத் தொட்டிங்களப் பாத்தா எனக்கு ஒடம்பு ஒதறுது. கொஞ்ச நாள் தங்கச்சி வீட்டுல இருக்கேன்" என்றார். உடம்பு தேறும்வரை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டோம். திரும்பி வருவாரா என்று நான் பயந்த நாட்கள் உண்டு. அந்த வாரங்களில் நானும் சித்தப்பாவும் செடிகளும் மட்டும்தான் வீட்டில். பின்கட்டில் துணி துவைக்கும் இடத்தில், கொசுவலை அடித்த ஜன்னல்களுக்குப் பக்கத்தில் எல்லாவற்றையும் அடுக்கினேன். தட்டுகளைத் தூக்கி எறிந்தேன். குழாய்க்குப் பூட்டுப் போட்டேன். வாரத்துக்கு ஒருமுறை இருவருமாக ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு குவளை ஊற்றினோம். அவர் ஒரு நாளைக்குப் பலமுறை போய்க் கதவிடுக்கில் எட்டிப் பார்ப்பார். உள்ளேதான் இருக்கின்றன என்று தெரிந்துகொண்டதும் வந்து உட்காருவார்.

இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. எங்கள் ஊரில் செம்பருத்தி இலையுதிர்த்து நின்று அதற்கு முன் நான் பார்த்ததில்லை. குளிர் இல்லாத ஊரில் அவை தூங்கவில்லை, வெளிச்சம் இல்லாமல் பட்டினி கிடந்தன. ஒரு மனிதர் அமைதியாக இருக்கவேண்டும் என்பதற்காக அத்தனை உயிரைக் கொன்றுகொண்டிருக்கிறோமோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

தைப்பூசம் முடிந்து, வெயில் சுள்ளென்று ஏறிய ஒரு காலையில் சித்தப்பா எனக்கு முன்னால் எழுந்து, குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு நின்றார். "ஸ்பிரிங் வந்துருச்சும்மா. வெளிய எடுக்கலாம்." நான் முதல் தொட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக வாசல் வெயிலுக்குப் போனேன். அதட்டினார். முதலில் நிழல், அதுவும் கொஞ்ச நேரம், பிறகு திரும்ப உள்ளே, மறுநாள் கூடக் கொஞ்ச நேரம் என்று படிப்படியாகத்தான் பழக்க வேண்டுமாம். அந்த நாட்களில் அவருக்கு ஒரு குழப்பமும் இருக்கவில்லை. எதை எப்போது செய்ய வேண்டும் என்பது கைகளுக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு செடியாகக் குனிந்து நகத்தால் பட்டையைச் சுரண்டினார். பச்சை இருந்தால் தலையசைத்தார். செம்பருத்தியிடம் வந்தபோது மேலே சுரண்டினார், நடுவில் சுரண்டினார், கடைசியில் மண்ணை விலக்கி வேருக்குப் பக்கத்திலும் சுரண்டினார். எல்லா இடத்திலும் பழுப்பு. எழுந்து நின்று கைகளைத் தட்டிக்கொண்டு, "போயிருச்சு" என்றார். அழவில்லை. அந்தக் குரலில் அவர் எத்தனை குடும்பங்களிடம் அப்படிச் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். தொட்டியோடு அவரே கொண்டுபோய்க் குப்பைத்தொட்டி பக்கம் வைத்துவிட்டு வந்தார்.

காகிதப்பூ மட்டும் எங்களை ஏமாற்றியது. தண்ணீர் இல்லாமல் காய்ந்து கிடந்த அந்தக் குச்சிகள், வெயில் பட்டதும் இலைக்குக்கூடக் காத்திராமல் பூக்கத் தொடங்கின. தண்டே தெரியாமல் செக்கச்சிவந்து பூத்தன. சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுத்தார்கள். பக்கத்து வீட்டு ஆன்ட்டி வாசல் வரை வந்து நின்று பார்த்தார். என் கணவர் அந்த வாரம்தான் பையோடு திரும்பி வந்தார். பூக்களைப் பார்த்தார். சித்தப்பாவைக் கைபிடித்து வாசலுக்கு அழைத்து வந்து, "பாத்தீங்களா மாமா, ஒங்க செடி" என்றார். சித்தப்பா ரொம்ப நேரம் ரசித்துப் பார்த்தார். "ரொம்ப நல்லா இருக்கு. யாரு வளக்குறாங்க?" என்று கேட்டார். அவ்வளவு சீக்கிரம் அந்த நினைவும் போய்விடும் என்று நான் நினைக்கவில்லை.

சித்தப்பா இறந்து இப்போது இரண்டு மழைக்காலங்கள் கடந்துவிட்டன. கடைசியில் நிமோனியா, மருத்துவமனையில், என் கையைப் பிடித்தபடி. அதைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை. மனதை விட்டுப் போகாமல் இருப்பது அதற்குச் சில மாதங்கள் முந்தைய ஒரு மாலை. அந்த வருட மழை தொடங்கியிருந்தது. வேலையிலிருந்து வரும்போதெல்லாம் வாசலில் சேற்றுத் தடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வருவேன். இருக்காது. தொட்டிகள் மழையில் அப்படியே நிற்கும். சித்தப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருப்பார். முதல் சில நாட்கள் நிம்மதியாகத்தான் இருந்தது. போகப் போக அந்த நிம்மதி எனக்குத் தாங்கவில்லை. அவர் எழுந்து பதற மாட்டாரா, கதவைச் சாத்து என்று அதட்ட மாட்டாரா என்று இருந்தது. சித்தியும் அந்தச் சனிக்கிழமையும் அந்தப் பொய்யும் எல்லாம் சேர்ந்து அவரிடமிருந்து கழன்றுபோய்விட்டன என்றால், இனி அவற்றை வைத்திருப்பது நான் மட்டும்தான்.

அன்றைக்கு நான் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் மழையில் இறங்கி, ஒரு காகிதப்பூத் தொட்டியை இரண்டு கைகளாலும் தூக்கி வந்து அவர் முன்னால் நின்றேன். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. முள் கையைக் கீறியிருந்தது.

"சித்தப்பா, இன்னைக்கு ஃப்ராஸ்ட் விழும் போல இருக்கு. உள்ள வெச்சிருவோமா?"

அவர் என்னையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். வெளியே மழையைப் பார்த்தார். அவர் முகத்தில் கவலை படர்ந்தது. அது செடியைப் பற்றிய கவலை இல்லை.

"பினாங்குல ஏதும்மா ஃப்ராஸ்ட்?" என்றார் மெதுவாக.

பிறகு, எனக்குக் கேட்கக் கூடாது என்பதுபோல, சோபாவில் இருந்த என் கணவரைப் பக்கத்தில் அழைத்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தம்பி, இந்தப் பிள்ளைய ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்க. ஆரம்பத்துலயே பாத்துட்டா நல்லது."

என் கணவர் சிரிக்கவில்லை. "சரி மாமா, காட்றேன்" என்றார்.

நான் தொட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் மழைக்குள் இறங்கினேன்.